இசைத்தட்டின் உறையும் இதழின் விளம்பரமும்



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு பொருள் கடைக்கு வருமுன்னரே அதனைப் பற்றிய செய்தி மக்களிடம் சென்று சேர்ந்துவிடுகிறது. அச்செய்தியே விளம்பரம். மணியோசை கேட்டு வாயிலில் வந்து நிற்பவர் யானையைக் காண வேண்டும். மணி ஒலித்த பின் ஒட்டகம் வந்து நின்றால், அடுத்த முறை மணி ஒலிக்கும்போது யாரும் வெளியே வரமாட்டார்கள். விளம்பரத்துக்கும் பொருளுக்கும் இருக்க வேண்டிய இப்பொருத்தத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது இசைத்தட்டின் உறையும், அதற்காக இதழ்களில் வெளியிடப்பெறும் விளம்பரமும் ஆகும்.

பனியனும் சாயமும் நிறைந்த திருப்பூர் வட்டாரத்து மாணவருக்கு இசைத்தட்டின் உறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. இசை கண்ணுக்குத் தெரியாதது. கையில் எடுத்துத் தடவிப் பார்க்கவும் இயலாதது. ஆகவே அதனை விற்பவர் முழுவதும் உறையையே நம்பி நிற்கிறார். பெட்டிக்குள் மடித்து வைத்த பனியனும் ஏறத்தாழ அத்தகையதே. வாங்குபவர் முதலில் காண்பது பெட்டியையும், அதன் மேலுள்ள பெயரையும் படத்தையுமே. உடுத்துத் துவைத்த பின்னரே துணியின் குணம் தெரிகிறது. எனவே இசைத்தட்டுத் தொழிலில் நேர்ந்தவற்றை அறிந்தால் நம் தொழிலுக்கும் பயன் உண்டு.

உண்மையில் துணி வாணிகம் இதில் இசைத்தட்டுக்கு மூத்தது. 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளின் மேல் பல வண்ணப் படச்சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. தெய்வங்கள், யானை, புலி என நம் மக்கள் அறிந்த உருவங்களே அவற்றில் அச்சாயின. வாங்குவோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர் பெயரைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தார். சென்ற முறை வாங்கிய யானைப்படத் துணி நன்றாக உழைத்திருந்தால் இம்முறையும் யானைப்படத்தையே கேட்டார். படம் ஒரு வாக்குறுதியாக நின்றது என்பதை இங்கே கருத்திற் கொள்ளுங்கள்.

இசை உலகில் இவ்வாறு புகழ்பெற்ற படம் ஒலிப்பெருக்கிக் குழலின் முன் அமர்ந்து செவிசாய்க்கும் நாயின் படம். அதனை வரைந்தவர் பிரான்சிஸ் பரோ என்னும் ஆங்கில ஓவியர். நாயின் பெயர் நிப்பர். அவர் முதலில் வரைந்தபோது நாயின் முன் இருந்தது எடிசன் வகையைச் சேர்ந்த உருளைப் பொறி. அதன் கறுத்த குழலைப் பித்தளைக் குழலாக மாற்றி வரைந்தால் படம் பொலிவு பெறும் என்று கருதிய ஓவியர், 1899ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்த கிராமபோன் கம்பெனிக்குச் சென்று ஒரு குழலை இரவல் கேட்டார். அக்கம்பெனியின் மேலாளர் வில்லியம் பாரி ஓவன் படத்தைப் பார்த்தார், விரும்பினார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். உருளைப் பொறியை அழித்துவிட்டுத் தம் கம்பெனியின் தட்டுப் பொறியை வரைந்தால் படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஓவியர் இசைந்தார். படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன், ஆக 100 பவுனுக்கு விலை முடிந்தது. பழைய பொறியின் மேலேயே புதிய பொறி தீட்டப்பட்டது. தக்க ஒளியில் நோக்கினால் அடியிலுள்ள பழைய பொறியின் தடம் இன்றும் புலப்படும் என்பர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டிய பாடம் யாது? படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறொருவர் பொருளைக் காட்டுமாயின் விளம்பரத்துக்கு உதவாது. ஓவன் நாயை மாற்றச் சொல்லவில்லை. நாயின் முகத்திலிருந்த ஆவலை மாற்றச் சொல்லவில்லை. விற்கும் பொருளை மட்டும் உண்மையாகக் காட்டச் சொன்னார். அப்படம் முதலில் விளம்பரங்களிலும், பின்னர் தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டிலும் இடம்பெற்றது. 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடலைப் பதிவு செய்த அதே கம்பெனி, 1908இல் அந்நகரின் சியால்டாவில் தட்டுத் தொழிற்சாலை ஒன்றையும் நிறுவிற்று. இதழில் கண்ட நாயைக் கடையிலும், கடையில் கண்ட நாயை வீட்டுத் தட்டிலும் கண்டபோது, மூன்றும் ஒன்றே என்ற உறுதி வாங்குபவருக்கு ஏற்பட்டது.

ஆயினும் அக்காலத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி முகம் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். நீண்ட இசையாயின் பல தட்டுகள் தேவை. அவற்றை நிழற்பட ஏடு போலக் கட்டி விற்றனர். ‘ஆல்பம்’ என்ற பெயர் இசைக்கு வந்தது அதனால்தான். அவ்வேட்டின் மேலட்டை பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், எழுத்து மட்டும் பொறித்துக் கல்லறைக் கல்லைப் போல இருந்தது. 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர் இதனை மாற்றினார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது நிரம்பவில்லை. 1940இல் வெளிவந்த ஒரு பாடல் தொகுப்புக்காக, நியூயார்க்கின் இம்பீரியல் அரங்க முகப்பிலிருந்த விளக்கெழுத்துகளை அத்தொகுப்பின் பெயராக மாற்றி அமைக்கச் செய்து, அதனைப் படமெடுத்து அட்டையில் வெளியிட்டார். நாடகப் பாடல்களைக் கேட்கப் போகிறவருக்கு நாடக அரங்கின் வாயிலே வரவேற்பு அளித்தது. அட்டை என்பது உள்ளிருக்கும் இசைக்குக் கண்ணால் காணும் முன்னுரை என்ற எண்ணம் அன்று பிறந்தது. 1948இல் நெட்டுநேரத் தட்டு வந்தபின், பன்னிரண்டு அங்குலச் சதுர உறை ஓவியர்களுக்கு நல்லதொரு களமாயிற்று.

அக்களத்தில் தோன்றிய உறைகளுள் ஒன்றை இயற்பியல் பயிலும் மாணவர் எளிதில் அடையாளம் காண்பர். 1973இல் பிங்க் பிளாய்டு என்ற ஆங்கில இசைக்குழு வெளியிட்ட ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ தட்டின் உறை அது. கரிய பின்புலம், நடுவே ஒரு முக்கோணக் கண்ணாடிப் பட்டகம், ஒரு பக்கம் வெண்ணிறக் கதிர் நுழைகிறது, மறுபக்கம் வண்ணப் பட்டையாக விரிகிறது. முகப்பில் குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை. ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவினர் திட்டமிட, ஜார்ஜ் ஹார்டி வரைந்தார். நியூட்டன் கூறிய ஏழு வண்ணங்களுள் கருநீலத்தை விட்டு ஆறினை மட்டுமே அதில் காணலாம். மெல்லிய கோடுகளாக அச்சிடும்போது நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே அது தனித்துத் தெரிவது அரிது.

அவ்வுறையில் உள்ள நுட்பம் ஒன்றைக் கவனியுங்கள். முகப்பில் தொடங்கிய வண்ணப்பட்டை உள்மடிப்பு வழியே ஓடி, அங்கே இதயத் துடிப்பின் கோடாக வளைந்து, பின்னட்டையில் மற்றொரு பட்டகத்தில் சென்று முடிகிறது. அதனால் கடைக்காரர் உறைகளை விரித்து அருகருகே வைத்தால் ஒன்றின் கதிர் அடுத்ததில் புகுந்து, சுவர் முழுதும் முடிவில்லாத ஒரே கோடாகத் தொடரும். உறையே விளம்பரமாக மாறிவிட்டது. அதனை வரையும்போதே கடையையும் சுவரையும் எண்ணி வரைந்தனர் என்பதுதான் இதில் போற்றத்தக்க அறிவு.

நம் தமிழ்நாட்டிலும் தக்க சான்று உண்டு. இந்திய விடுதலையின் பொன்விழா ஆண்டாகிய 1997இல் ஏ.ஆர்.ரகுமானின் ‘வந்தே மாதரம்’ இசைத்தொகுப்பை சோனி நிறுவனம் வெளியிட்டது. ‘தாய் மண்ணே வணக்கம்’ என்ற பாடலை அதன் வழியாகவே நாம் அறிந்தோம். பரத்பாலா முதலியோர் உருவாக்கிய காட்சிப் படத்தில் மக்கள் திரளாகக் கூடிப் பெரிய மூவண்ணக் கொடியை உயர்த்தும் காட்சி மையமாக அமைந்தது. பாட்டைக் கேட்டவர் மனத்தில் கொடியும், கொடியைக் கண்டவர் மனத்தில் பாட்டும் எழுந்தன. கொடியின் பொருளை 1932இல் தன் உயிர் கொடுத்து உணர்த்திய குமரனின் ஊர் நம்முடையது. எனவே ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். தேசியக் கொடியை வணிக அடையாளமாக உரிய அனுமதியின்றிப் பயன்படுத்துதலை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வலிமை மிக்க சின்னத்தைக் கையாள்வதில் பொறுப்பும் மிகுதி.

இனி, உறைக்குப் பொருந்த விளம்பரம் அமைக்கும் முறையைக் காண்போம். முதலிற் கருத வேண்டியது வடிவம். உறை சதுரம், இதழின் பக்கமோ நெடுக்கு வாட்டிலான நீள்சதுரம். சதுரத்தை இழுத்து நீட்டினால் படத்திலுள்ள முகம் கோணும். ஆகவே மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர வேண்டும். உறையின் பின்புலத்தை மேலும் கீழும் வளர்த்துப் பக்கம் முழுதும் நிரப்பலாம். அல்லது உறையை அப்படியே சிறிய சதுரமாக வைத்து, சுற்றிலும் உறையின் ஒரு நிறத்தையே பரப்பலாம். அல்லது உறையிலுள்ள ஓர் உறுப்பை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, உறையைக் கீழ்மூலையில் காட்டலாம். எவ்வழியைக் கொண்டாலும் முழு உறையும் விளம்பரத்தில் ஓரிடத்தில் சிறிதாகவேனும் தெரிய வேண்டும். கடையில் எதைத் தேடுவது என்று படிப்பவர் அறிய அதுவே துணை.

இரண்டாவது எழுத்து. உறையில் பெயர் எந்த எழுத்து வடிவில் உள்ளதோ அதே வடிவில் விளம்பரத்திலும் அமைய வேண்டும். இங்கே தமிழுக்கு ஒரு தனித் தேவை உண்டு. நம் எழுத்துகளில் மேலே கொக்கி போடும் கி, கீ உண்டு. கீழே இறங்கும் ழு, ஞு உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொக்கியும் மோதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதற்காக எழுத்துகளைப் பக்கவாட்டில் நசுக்குதலும் தகாது. சுழிகள் அடைபட்டுப் படிக்க இயலாது போகும். ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் அருகருகே வருமாயின், ஆங்கில எழுத்தின் வடிவைத் தமிழுக்கு ஏற்ற முயலாமல், கோட்டின் தடிமனை மட்டும் இரண்டிலும் ஒன்றாக வைத்தால் போதும். கண் அவற்றை உடன்பிறந்தவையாக ஏற்கும்.

மூன்றாவது வண்ணம். இதனை நம் வட்டாரத்து மாணவருக்கு விளக்குவது எளிது. சாயப்பட்டறையில் தோய்த்த துணியின் ஷேடு, வாங்குபவர் கொடுத்த மாதிரியோடு ஒத்திருக்கிறதா என்று லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். டி65 என்ற விளக்கு நண்பகல் வெளிச்சத்தை ஒத்தது. டிஎல்84 என்பது கடை விளக்கை ஒத்தது. ஒரு விளக்கில் ஒன்றெனத் தோன்றும் இரு நிறங்கள் மற்றொரு விளக்கில் வேறுபடக்கூடும். இரண்டும் வெவ்வேறு சாயக் கலவையால் ஆனவையாயின், அவை ஒளியின் அலைகளைத் திருப்பி அனுப்பும் விதமும் வேறு. ஒளி மாறும்போது அவ்வேறுபாடு வெளிப்படுகிறது. உறைக்கும் விளம்பரத்துக்கும் இடையிலும் இத்தகைய இடர் உண்டு.

உறை வழவழப்பான தடித்த அட்டையில் அச்சாகிறது. இதழ் பெரும்பாலும் மெல்லிய தாளில் அச்சாகிறது. வண்ணப்படம் நீலப்பச்சை, மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் ஆனது. வழவழப்பான தாளில் அங்குலத்துக்கு 150 வரிசை அளவில் புள்ளிகளை நெருக்கலாம். செய்தித்தாள் போன்ற சொரசொரப்பான தாளில் 85 வரிசை அளவே ஏற்றது. மை ஊறிப் பரவிப் புள்ளிகள் பருத்துவிடும். அதனால் உறையில் ஆழ்ந்த சிவப்பாக இருந்தது இதழில் மங்கிய அரக்காக மாறும். எனவே உறைக்குச் செய்த அச்சுப்படியையே விளம்பரத்துக்கு அனுப்பிவிட்டு வாளாவிருத்தல் தவறு. தாளின் தன்மைக்கேற்ப நிறத்தைச் சற்று வெளிறச் செய்து, மாதிரி அச்சு எடுத்து, உறையோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். பேண்டோன் எண்ணைக் குறிப்பிடும்போதுகூடத் தாளுக்கு ஓர் எண்ணும் பருத்தித் துணிக்கு வேறோர் எண்ணும் இருப்பதை நம் மெர்ச்சண்டைசர்கள் அறிவார்கள். காரணம் இதுவே.

நான்காவது செய்தியின் வரிசை. உறையில் செய்தி குறைவாக இருக்கலாம். விளம்பரத்தில் அது இயலாது. யாருடைய இசை, தொகுப்பின் பெயர் என்ன, எந்நாளில் வெளிவருகிறது, எங்கே கிடைக்கும், வெளியிடுபவர் யார் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை வேண்டும். அவை ஒரே அளவில் அமைந்தால் ஒன்றும் நினைவில் நிற்காது. பெயர் பெரிதாகவும், நாள் அடுத்த அளவிலும், ஏனையவை சிறிதாகவும் இருத்தல் நன்று. ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டுமானால் மற்றவற்றை மெல்லச் சொல்ல வேண்டும் என்பது வகுப்பறைக்கும் அச்சுப்பக்கத்துக்கும் பொது விதி.

இவற்றை ஒரு பயிற்சியில் வைத்துப் பார்ப்போம். கொங்கு நாட்டு உடுக்கைப் பாட்டுகளைத் தொகுத்து நீங்கள் ஓர் இசைத்தொகுப்பு வெளியிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுதும் அண்ணன்மார் கதை பாடும் இசை அது. எனவே உறையின் பின்புலம் கறுப்பு. நடுவில் செம்மண் நிறத்தில் ஓர் உடுக்கை. அதன் இடையைச் சுற்றிய கயிறு மட்டும் வெண்மை. இதற்கு விளம்பரம் எவ்வாறு அமையலாம்? கறுப்பைப் பக்கம் முழுதும் பரப்புங்கள். உடுக்கையை மேற்பகுதியில் வையுங்கள். வெண்கயிற்றை அவிழ்த்துக் கீழே இறக்குங்கள். அது வளைந்து வந்து தொகுப்பின் பெயருக்கு அடிக்கோடாகி, வெளியீட்டு நாளைச் சுற்றி, கீழ்மூலையிலுள்ள சிறிய உறைப்படத்தில் சென்று முடியட்டும். கண் கயிற்றைப் பற்றிக்கொண்டு தானே செய்தியைப் படித்துவிடும். அதே படத்தைப் பனியனில் அச்சிட விரும்பினால், கறுப்புத் துணிக்குச் செம்மண் நிறத்துக்கு ஒரு பிரேமும் வெண்மைக்கு ஒரு பிரேமுமாக இரண்டே போதும். எளிய வடிவம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இது சான்று. கைப்பேசித் திரையில் நகத்தளவுச் சதுரமாகச் சுருங்கினாலும் உடுக்கை உடுக்கையாகவே தெரியும். பத்து முகங்களும் இருபது வரிகளும் கொண்ட உறை அங்கே வெறும் கறையாகிவிடும்.

பொருத்தம் என்று இதுவரை கூறியது கண்ணுக்குரியது. கருத்துக்குரிய பொருத்தமும் ஒன்றுண்டு. உறை காட்டாத ஒன்றை விளம்பரம் காட்டுதல் ஆகாது. தொகுப்பில் பாடாத பாடகரின் முகத்தைப் பெரிதாக வெளியிட்டு ஆயிரம் தட்டு விற்கலாம். இரண்டாவது தொகுப்பை விற்க முடியாது. பிறர் உறையைப் பார்த்து அவ்வாறே வரைதலும் களவே. புகழ்பெற்ற இசைக்குழுவின் உறைப்படத்தை அனுமதியின்றிப் பனியனில் அச்சிட்டு விற்போர் உண்டு. அப்படத்துக்கு உரியவர் உண்டு. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டமும் அவ்வுரிமையைக் காக்கின்றன. நம் ஊரில் ஒருவர் பத்தாண்டு உழைத்துப் பெயரெடுத்த லேபிளை மற்றொருவர் ஓர் எழுத்தை மாற்றி ஒட்டினால் நமக்கு எவ்வளவு வலிக்கும்? அந்த வலி இசைக்கலைஞருக்கும் உண்டு.

மாணவச் செல்வங்களே! திருப்பூரில் தைக்கப்படும் ஆடை உலகின் பல நாடுகளுக்குச் செல்கிறது. நூல் நம்முடையது, தையல் நம்முடையது, சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடும், அதனைத் தூய்மை செய்ய நேர்ந்த செலவும் நம்முடையவை. ஆனால் அவ்வாடைகளுள் பெரும்பாலானவற்றின் கழுத்தில் தைத்திருக்கும் பெயர் வேறு நாட்டாருடையது. கூலி நமக்கு வருகிறது. பெயருக்குரிய ஊதியம் பெயருக்கு உரியவரிடம் போகிறது. நாய்ப்படத்துக்கு 100 பவுன் கொடுத்த கம்பெனி அப்படத்தால் பெற்ற பயனை எண்ணிப் பாருங்கள். பரோ என்ற ஓவியர் 1924இல் மறையும் வரை அதே படத்தின் படிகளைக் கம்பெனிக்காகத் திரும்பத் திரும்ப, மொத்தம் 24 முறை, வரைந்து கொடுத்தார். செய்யும் கைக்கும் பெயரை ஆளும் கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வேறுபாட்டைக் குறைக்கும் ஆற்றல் உங்கள் தலைமுறையிடம் இருக்கிறது. அதற்கு முதலில் வேண்டுவது பார்க்கும் பழக்கம். இன்று மாலை கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு பனியன் பெட்டியைக் கையில் எடுங்கள். அதே பெயரின் விளம்பரத்தைச் சுவரிலோ இதழிலோ தேடுங்கள். இரண்டையும் அருகில் வைத்து, படம் ஒன்றா, எழுத்து ஒன்றா, நிறம் ஒன்றா, வாக்கு ஒன்றா என்று நான்கு கேள்வி கேளுங்கள். பொருந்தாத இடத்தைக் கண்டால் அதனை எவ்வாறு திருத்தலாம் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அளவுகோலும் பென்சிலும் போதும்; கணிப்பொறி பின்னர் வரட்டும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். உறை முகமாயின், விளம்பரம் அம்முகத்தின் நிழல். நிழல் முகத்தைப் போல இருக்க வேண்டும். முகம் அகத்தைப் போல இருக்க வேண்டும். அகம் செம்மையாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது தறியிலும் தையலிலும் நிற்பவர் கடமை. மற்ற இரண்டும் இனி உங்கள் கையில்.